மெலனோமா செல் வெளிய விடுற சைட்டோகைன அளக்கறது எப்படி: செல் செக் பண்றதுல இருந்து கடைசி கணக்கு வரைக்கும்

எலைசா (ஆன்டிபாடி வச்சு புரோட்டீன அளக்கற டெஸ்ட்) பிளேட்ல கலர் வரவைக்கறது ஒண்ணும் கஷ்டம் இல்ல, கிட் வாங்கி அதோட பேப்பர்ல போட்டிருக்கறபடி செஞ்சா யாருக்கும் வரும். வந்த நம்பர், அதாவது சைட்டோகைன் (செல் ஒண்ணுக்கொண்ணு சிக்னல் அனுப்ப விடுற புரோட்டீன்) அளவு, யாரோடதுன்னு சொல்றதுதான் கஷ்டம். மெலனோமா (தோல் கேன்சர்ல ஒரு வகை) செல் தானா வெளிய விட்டதா, மீடியத்துல ஊத்துன சீரத்துல இருந்து வந்ததா, மைக்கோபிளாஸ்மாங்கற பாக்டீரியா புகுந்து செல்ல கிளப்பி விட்டதா, செத்த செல் உடைஞ்சு கொட்டுனதா, இது நாலுமே பிளேட்ல ஒரே மஞ்சளாத்தான் தெரியும்.

புதுசா வர்றவங்க தடுக்கி விழறது பிளேட்டுக்கு முன்னாடி இருக்கற மூணு நாலு நாள்ல. அதனால இங்கயும் அந்த நாட்களுக்குத்தான் நிறைய இடம் குடுத்திருக்கேன். செல் கல்ச்சர் கொஞ்சம் பழகிட்டவங்களுக்கு எழுதறேன், செல் லைன்ல வேலை பண்றத வச்சுதான் சொல்லப்போறேன். ஆளுங்ககிட்ட இருந்து எடுத்த கட்டி, ரத்தம்னா அதுக்கு ஒப்புதல், எதிக்ஸ் அனுமதி எல்லாம் முதல்ல கைக்கு வந்துருக்கணும், அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம்.

1. எந்த மாலிக்யூல அளக்கப்போறீங்கன்னு முதல்ல எழுதி வைங்க

மெலனோமா செல் வழக்கமா விடுறது ஐஎல்-8, சிஎக்ஸ்சிஎல்1, ஐஎல்-6, சிசிஎல்2, விஇஜிஎஃப், டிஜிஎஃப்-பீட்டா, எம்ஐஎஃப், சில லைன்ல ஐஎல்-1 பீட்டாவும் ஐஎல்-10ம். எல்லாத்தையும் ஒரே மாதிரி அளக்க முடியாது, எத தேர்ந்தெடுக்கறீங்களோ அதுதான் மீடியம் எது, எத்தன மணி நேரம், சாம்பிள எப்படி ரெடி பண்ணணும் எல்லாத்தையும் முடிவு பண்ணும். அதனாலதான் இத முதல் ஸ்டெப்பா வச்சேன், செல்ல வளத்து மீடியத்த எடுத்து ஃப்ரீசர்ல வச்சுட்டு அப்புறமா "டிஜிஎஃப்-பீட்டாவும் பாத்துடலாமே"ன்னு யோசிச்சா அந்த சாம்பிள் பெரும்பாலும் அதுக்கு உதவாது.

பேரு குழப்பம் இங்க ரொம்ப அதிகம். ஐஎல்-8ம் சிஎக்ஸ்சிஎல்8ம் ஒண்ணுதான். சிஎக்ஸ்சிஎல்1க்கு க்ரோ-ஆல்ஃபான்னு ஒரு பேரு, எம்ஜிஎஸ்ஏன்னு இன்னொரு பேரு, அந்த எம்ஜிஎஸ்ஏங்கறது மெலனோமா வளர்ச்சிய தூண்டுறதுன்னு அர்த்தம் வர்ற பழைய பேரு, மெலனோமா செல் வளந்த மீடியத்துல இருந்துதான் அத முதல்ல பிரிச்சு எடுத்தாங்க. பழைய பேப்பர் படிக்கும்போது மூணையும் வேற வேற மாலிக்யூல்னு நினைச்சுடாதீங்க.

அடுத்தது எலியா மனுஷனாங்கறது. பி16-எஃப்10 எலி மெலனோமா. எலிக்கு ஐஎல்-8 ஜீனே கிடையாது, அந்த வேலைய சிஎக்ஸ்சிஎல்1ம் சிஎக்ஸ்சிஎல்2ம் பாத்துக்குது, பழைய பேருல கேசி, எம்ஐபி-2. பி16ல ஐஎல்-8 அளக்க மனுஷ கிட் வாங்கி ஒண்ணுமே வரலைன்னு வந்து நின்னவங்கள ஒரு தடவைக்கு மேலயே பாத்துட்டேன். ஆர்டர் போடறதுக்கு முன்னாடி செல் எந்த உயிரினம், ஆன்டிபாடி எந்த உயிரினத்தோட புரோட்டீனுக்குன்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க.

உங்க செல் எத விடுதுன்னே தெரியலைன்னா முதல்ல மெம்ப்ரேன் அரே ஒண்ணு போடுங்க. பத்து முப்பது சைட்டோகைன ஒரே நேரத்துல காட்டும், ஆனா அது இருக்கா இல்லையான்னு சொல்றதுக்கு மட்டும்தான், அளவு அதுல எடுக்காதீங்க. புள்ளி கருப்பா வந்த ரெண்டு மூணு மாலிக்யூலுக்கு மட்டும் எலைசா வாங்குனா போதும்.

2. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

செல் லைன், அதோட பாசேஜ் நம்பர் (எத்தன தடவை பிரிச்சு வளத்ததுங்கற நம்பர்) எழுதுன ரெக்கார்ட், மைக்கோபிளாஸ்மா டெஸ்ட் ரிசல்ட். சீரம் இல்லாத மீடியம், எண்டோடாக்சின் (பாக்டீரியால இருந்து வர்ற நச்சு) கம்மியா இருக்கற பிஎஸ்ஏ (மாட்டு ஆல்புமின் புரோட்டீன்), செல் கழுவ பிபிஎஸ் பஃபர். 6 வெல் பிளேட், புரோட்டீன் ஒட்டாத ட்யூப், குளிரூட்டுற சென்ட்ரிஃபியூஜ், மைனஸ் 80 ஃப்ரீசர்ல இடம். எலைசா கிட், 450 நானோமீட்டர் படிக்கற ரீடர், மல்டிசானல் பிப்பெட். எல்டிஎச் கிட், செல் எண்ண ஒரு வழி.

எல்டிஎச் கிட்ட நிறைய பேர் லிஸ்ட்லயே சேக்கறதில்ல. அது ஏன் வேணும்னு 8வது ஸ்டெப்ல சொல்றேன், இப்போ ஆர்டர் மட்டும் போட்டு வைங்க, ஏன்னா அத செல்லுல இருந்து எடுத்த அன்னைக்கே, ஃப்ரீஸ் பண்ணாத மீடியத்துலதான் அளக்கணும், அப்புறமா வாங்கிக்கலாம்னு விட முடியாது.

3. செல் நீங்க நினைக்கற செல்தானான்னு பாருங்க

எம்டிஏ-எம்பி-435ன்னு ஒரு லைன், வருஷக்கணக்கா மார்பக கேன்சர்னு சொல்லி எல்லாரும் பயன்படுத்துனாங்க, கடைசில பாத்தா எம்14ங்கற மெலனோமா லைனோட அது ஒண்ணா இருக்கு. அதனால பக்கத்து லேப்ல இருந்து வாங்குன வயல்னா எஸ்டிஆர் ப்ரொஃபைல் (டிஎன்ஏ வச்சு எந்த லைன்னு அடையாளம் பாக்கற டெஸ்ட்) பண்ணாம வேலை ஆரம்பிக்காதீங்க. ஏ375ம் எஸ்கே-மெல்-28ம் பிராஃப் ஜீன்ல வி600இ மியூட்டேஷன் உள்ள லைன், எஸ்கே-மெல்-2ல என்ராஸ் ஜீன்ல மியூட்டேஷன். இது சைட்டோகைனுக்கு நேரடியா சம்பந்தம் உள்ள விஷயம், பிராஃப் வழியா போற சிக்னல் ஐஎல்-6, ஐஎல்-8, விஇஜிஎஃப் எல்லாத்தையும் ஏத்திவிடும். லைன் மாறிப்போச்சுன்னா ரிசல்ட்டோட அர்த்தமே மாறிடும்.

மைக்கோபிளாஸ்மா பத்தி கொஞ்சம் அழுத்தியே சொல்றேன். மீடியம் கலங்காது, செல்லும் சாகாது, மைக்ராஸ்கோப்ல பாத்தாலும் ஒண்ணும் தெரியாது. அதுக்கு செல் வால் கிடையாதுங்கறதால பெனிசிலினும் வேலை செய்யாது. ஆனா அதோட லிப்போபுரோட்டீன் செல்லுல இருக்கற டிஎல்ஆர்2ங்கற ரிசெப்டர தொட்டு, என்எஃப்-கப்பா-பிங்கற அழற்சி சிக்னல கிளப்பிவிடும், ஐஎல்-8ம் ஐஎல்-6ம் அதுபாட்டுக்கு ஏறும். ரெண்டு லைன ஒப்பிடறீங்க, ஒண்ணுல மட்டும் மைக்கோபிளாஸ்மா இருக்குன்னு வைங்க, அழகான வித்தியாசம் வரும், மூணு தடவை பண்ணாலும் அதே வரும், அத்தனையும் பொய். நான் ஆரம்பத்துல இருந்த ஒரு லேப்ல அஞ்சு மாச வேலை இப்படித்தான் போச்சு, அந்த டேட்டாவ மூட்டகட்டி வச்ச நாள் இன்னும் மறக்கல.

டெஸ்ட்டுக்கு மீடியம் எடுக்கும்போது ரெண்டு மூணு நாள் மாத்தாம வச்ச, செல் நல்லா நிறைஞ்ச ஃப்ளாஸ்க்ல இருந்து எடுங்க. புதுசா மாத்துன மீடியத்துல எடுத்தா இருந்தாலும் இல்லைன்னு காட்டும். பிசிஆர் போதும். ரொம்ப கருப்பா பிக்மென்ட் விடுற லைன்னா மெலனின் பிசிஆர் என்சைமையே தடுக்கும்கறத ஞாபகம் வைங்க, உள்கண்ட்ரோல் பேண்ட் வந்துருக்கான்னு பாத்துட்டு அப்புறமா நெகடிவ்னு எழுதுங்க.

கட்டில இருந்து நேரா வளத்த கல்ச்சர்னா இன்னொரு ஆள் உள்ள ஒளிஞ்சிருப்பாரு, ஃபைப்ரோபிளாஸ்ட். ஐஎல்-6 எக்கச்சக்கமா விடும். சாக்ஸ்10 (மெலனோமா செல்ல அடையாளம் காட்டற புரோட்டீன்) ஸ்டெயின் போட்டு எத்தன சதவீதம் மெலனோமான்னு எண்ணாம "நோயாளி செல்லுல ஐஎல்-6 அதிகம்"னு எழுதவே கூடாது.

4. மீடியத்த முடிவு பண்ணுங்க

சீரம் போட்ட மீடியத்துல அளக்காதீங்க. சீரத்துலயே டிஜிஎஃப்-பீட்டா இருக்கு, 10 சதவீதம் போட்டாலே நானோகிராம் அளவுல வந்துடும், மாட்டோட டிஜிஎஃப்-பீட்டா1ம் மனுஷனோடதும் முதிர்ந்த வடிவத்துல ஒரே அமினோ அமில வரிசை, அதனால மனுஷ கிட் ரெண்டையும் பிரிச்சுப் பாக்காது. மத்த சைட்டோகைனுக்கு இவ்ளோ மோசம் இல்லைன்னாலும், சீரத்துல இருக்கற புரோட்டீன் ஆன்டிபாடியோட ஒட்டி பேக்ரவுண்ட ஏத்தும்.

அதே சமயம் ஒண்ணுமே போடாத வெறும் மீடியமும் நல்லதில்ல. கம்மியா இருக்கற சைட்டோகைன் பிளாஸ்டிக்ல ஒட்டிக்கிட்டு காணாமப் போயிடும். 0.1 சதவீதம் பிஎஸ்ஏ சேத்தா அது முதல்ல பிளாஸ்டிக்ல ஒட்டிக்கும், உங்க மாலிக்யூல் தப்பிக்கும். எண்டோடாக்சின் கம்மியான பிஎஸ்ஏன்னு மேல சொன்னதுக்கும் காரணம் இருக்கு, மட்டமான பிஎஸ்ஏல எல்பிஎஸ்ங்கற எண்டோடாக்சின் இருக்கும், அது செல்ல தூண்டிவிட்டு ஐஎல்-8 ஏத்தும், மறுபடி யாரோடதுன்னு தெரியாத நம்பர்.

நார்மல் மெலனோசைட்ட (தோலுக்கு நிறம் குடுக்கற செல்) கண்ட்ரோலா வைக்கறவங்க இந்த பத்திய ரெண்டு தடவை படிங்க. மெலனோசைட் வளக்கற மீடியத்துல பல சமயம் பிஎம்ஏங்கற செல்ல தூண்டற கெமிக்கல் இருக்கும், ஹைட்ரோகார்டிசோன்ங்கற ஸ்டீராய்டு இருக்கும். பிஎம்ஏ ஐஎல்-8 ஏத்தும், ஹைட்ரோகார்டிசோன் பல சைட்டோகைன இறக்கும். மெலனோமாவ டிஎம்இஎம்ங்கற வெறும் மீடியத்துலயும் மெலனோசைட்ட அதோட ஸ்பெஷல் மீடியத்துலயும் வளத்து ஒப்பிட்டா நீங்க ரெண்டு மீடியத்தத்தான் ஒப்பிடறீங்க. ரெண்டையும் குறைஞ்சது 24 மணி நேரம் முன்னாடியே ஒரே அடிப்படை மீடியத்துக்கு மாத்திட்டு அப்புறம் கலெக்‌ஷன ஆரம்பிங்க, மெலனோசைட் அதத் தாங்குதான்னு முன்னாடியே ஒரு வெல்லுல பாத்துடுங்க.

5. பிளேட்ல செல் போடறது

6 வெல் பிளேட்ல வெல்லுக்கு 3 லட்சம் செல், ஏ375 மாதிரி வேகமா வளர்ற லைனுக்கு இது சரியா வரும். மறுநாள் மீடியம் மாத்தும்போது 60, 70 சதவீதம் நிறைஞ்சிருக்கணும். முழுசா நிறைஞ்சுட்டா செல் நெருக்கடில சைட்டோகைன் விடுற அளவே மாறும், ரொம்ப கம்மியா போட்டா அளக்க ஒண்ணும் இருக்காது. மெதுவா வளர்ற லைன்னா எத்தன போடணும்னு உங்க கையில ஒரு தடவை போட்டுப் பாத்துடுங்க, பேப்பர்ல இருக்கறத அப்படியே எடுக்காதீங்க.

ட்ரிப்சின் போட்ட அன்னைக்கே கலெக்‌ஷன் ஆரம்பிக்கவே கூடாது. ட்ரிப்சின் செல் மேல இருக்கற ரிசெப்டர வெட்டிடுது, செல் அதிர்ச்சியில இருக்கு, ஒரு ராத்திரி சீரத்தோட ஒட்டி தேறட்டும்.

ஒவ்வொரு பிளேட்லயும் இதெல்லாம் இருக்கணும்: ட்ரீட்மென்ட் இல்லாத செல், மருந்து கரைச்ச டிஎம்எஸ்ஓ மட்டும் போட்ட செல், பாசிட்டிவ் கண்ட்ரோலா, செல்ல தூண்டற டிஎன்எஃப்-ஆல்ஃபா மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் போட்ட செல், செல்லே இல்லாம மீடியம் மட்டும் ஊத்துன ஒரு வெல். கடைசியா சொன்னத எல்லாரும் மிச்சம் பிடிக்கறாங்க. செல் இல்லாத வெல்லுல நம்பர் வந்துச்சுன்னா உங்க மீடியம்தான் பேசுது, அத தெரிஞ்சுக்க வேற வழியே இல்ல. இன்னொரு வெல் கூடுதலா போட்டு வைங்க, அத மறுநாள் மீடியம் மாத்தும்போது எடுத்து எண்ணுறதுக்கு, அது 11வது ஸ்டெப்ல கணக்குக்கு வேணும்.

6. கழுவி மீடியம் மாத்துறது, எத்தன மணி நேரம்

சூடாக்குன பிபிஎஸ்ல ரெண்டு தடவை கழுவுங்க, ஒரு தடவை பத்தாது, வெல்லோட ஓரத்துல சீரம் ஒட்டிக்கிட்டு நிக்கும். வெல்லோட சுவர்ல விட்டு ஊத்துங்க, செல் மேல நேரா பிப்பெட்ட வச்சு ஊத்துனா செல் பிஞ்சுட்டு வந்துரும், அப்புறம் அந்த வெல்லுல செல் கம்மி, செத்த செல் அதிகம்.

1.5 மில்லி மீடியம் ஊத்தி நேரத்த நிமிஷத்தோட எழுதுங்க. எல்லா வெல்லுக்கும் அளவு துல்லியமா ஒண்ணா இருக்கணும், ஏன்னா கடைசில இந்த 1.5ஐ வச்சுதான் பெருக்கப்போறீங்க.

24 மணி நேரத்துல ஆரம்பிங்க. டிஎன்எஃப் மாதிரி தூண்டுனா ஐஎல்-8 நாலு ஆறு மணி நேரத்துலயே நல்லா தெரிய ஆரம்பிச்சுடும், டிஜிஎஃப்-பீட்டாவுக்கு 24, 48 வேணும். புது லைன்ல ஒரே ஒரு தடவை 6, 12, 24, 48ன்னு எடுத்து கோடு போட்டுப் பாருங்க, நேரா ஏறுற பகுதிக்குள்ள உங்க நேரம் இருக்கணும். சீரம் இல்லாம 48 மணி நேரம் தாண்டுனா பட்டினியாலயே செல் ஐஎல்-8 கூட்டிவிடும், சாகவும் ஆரம்பிக்கும், அத "நேரம் ஆக ஆக அதிகமா விடுது"ன்னு எழுதிட வேண்டாம்.

7. மீடியத்த எடுத்து வைக்கறது

முதல்ல மைக்ராஸ்கோப்ல பாத்து ஒவ்வொரு வெல்லையும் போட்டோ எடுங்க. மிதக்கற செல் எந்த வெல்லுல ஜாஸ்தின்னு அப்புறம் கேள்வி வரும்போது இதுதான் சாட்சி.

மீடியத்த ஐஸ்ல இருக்கற ட்யூப்புக்கு எடுத்து, 300 ஜியில 10 நிமிஷம், மேல இருக்கறத வேற ட்யூப்புக்கு மாத்தி 2000 ஜியில 10 நிமிஷம், ரெண்டும் 4 டிகிரில. எதுக்கு ரெண்டு தடவைன்னு கேப்பாங்க. எடுத்தவுடனே வேகமா சுத்துனா மிதக்கற செல் உடைஞ்சு உள்ள இருக்கறதெல்லாம் மீடியத்துக்கு வந்துரும், அதனால முதல்ல மெதுவா முழு செல்ல இறக்கிட்டு அப்புறம் வேகமா சுத்தி துணுக்குகள இறக்கறோம். அடியில தெரியாட்டியும் கடைசி 100 மைக்ரோலிட்டர தொடாம விட்டுருங்க.

எலைசாவுக்கு மட்டும்னா ஃபில்டர் பண்ண வேண்டாம், ஃபில்டர்ல சைட்டோகைன் ஒட்டி போறதுதான் மிச்சம்.

கொஞ்ச மீடியத்த எல்டிஎச்சுக்கு தனியா எடுத்து அன்னைக்கே அளந்துருங்க, ஃப்ரீஸ் பண்ணா எல்டிஎச் என்சைம் செயலிழக்கும். மிச்சத்த 150, 200 மைக்ரோலிட்டரா பிரிச்சு மைனஸ் 80ல வைங்க. ஒரு ட்யூப்ப ஒரு தடவைதான் உருக்கணும். மொத்தத்தையும் ஒரே ட்யூப்ல வச்சுட்டு மூணு கிட்டுக்கு மூணு தடவை உருக்குனவங்களோட மூணாவது நம்பர நான் நம்பறதே இல்ல.

8. செல்ல எண்ணுங்க, எத்தன செத்துச்சுன்னும் பாருங்க

மீடியம் எடுத்த அதே மணி நேரத்துல அதே வெல்லுல இருக்கற செல்ல எண்ணணும். "அப்புறமா எண்ணிக்கலாம்", "எல்லா வெல்லுலயும் ஒரே அளவுதானே போட்டேன்" இது ரெண்டும்தான் நான் அதிகமா கேக்கற சாக்கு. போட்டது ஒரே அளவுதான், 48 மணி நேரம் கழிச்சும் ஒரே அளவா இருக்காது, அதுவும் மருந்து போட்டா.

ட்ரைபான் ப்ளூ போட்டு எண்ணலாம், ஆனா பி16 மாதிரி கருப்பு செல்லுல நீலம் தெரியாது, அதுக்கு நியூக்ளியஸ் ஒளிர்ற டை போட்டு எண்ணுங்க. புரோட்டீன் அளவ வச்சு நார்மலைஸ் பண்றவங்களும் உண்டு, பிக்மென்ட் உள்ள லைன்ல மெலனின் தானே வெளிச்சத்த உறிஞ்சும், கலர் வச்சு அளக்கற எல்லா டெஸ்ட்டும் கூட்டிக்காட்டும். ரீஏஜென்ட் போடாத சாம்பிள் ஒரு வெல்லு வச்சு அத கழிச்சுடுங்க. எல்டிஎச்சுக்கும் இதே கதைதான். எலைசால இந்த பிரச்சனை பெருசா இல்ல, ஏன்னா மீடியம் கழுவிப் போயிடுது.

இப்போ எல்டிஎச் ஏன்னு. ஐஎல்-8 மாதிரி சைட்டோகைன செல் வழக்கமான பாதைல செஞ்சு வெளிய அனுப்பும். ஆனா எம்ஐஎஃப் செல்லுக்குள்ள ஏற்கனவே ரெடியா சேத்து வச்சிருக்கும், ஐஎல்-1 ஆல்ஃபாவும் உள்ளயே இருக்கற ஆளு, செல் உடைஞ்சா அப்படியே வெளிய கொட்டும். எல்டிஎச் செல்லுக்குள்ள மட்டும் இருக்க வேண்டிய என்சைம், அது வெளிய வந்திருந்தா செல் உடைஞ்சிருக்குன்னு அர்த்தம். ஒரு வெல்லுல செல்ல முழுசா உடைச்சு அத 100ன்னு வச்சு மத்ததோட சதவீதத்த பாருங்க. மருந்து போட்ட வெல்லுல எம்ஐஎஃப் மூணு மடங்கு, எல்டிஎச்சும் மூணு மடங்குன்னா அந்த மருந்து எம்ஐஎஃப் சுரக்க வைக்கல, செல்ல கொல்லுது.

ஐஎல்-1 பீட்டாவுக்கு இன்னும் ஒரு சிக்கல். செல் முதல்ல 31 கிலோடால்டன்ல முன்வடிவத்த செய்யும், இன்ஃப்ளமசோம்ங்கற புரோட்டீன் கூட்டம் வழியா கேஸ்பேஸ்-1 என்சைம் அத 17 கிலோடால்டனா வெட்டுனாதான் வேலை செய்யும். சில கிட் முன்வடிவத்தையும் ஓரளவு பிடிக்கும். செத்த செல்லுல இருந்து முன்வடிவம் கொட்டி எலைசா பாசிட்டிவ்னு காட்டும், அதனால வெஸ்டர்ன் ப்ளாட்ல (புரோட்டீன சைஸ் வாரியா பிரிச்சுப் பாக்கற டெஸ்ட்) 17 கிலோடால்டன் பேண்ட பாக்காம நம்பிட வேண்டாம்.

9. டைல்யூஷன கண்டுபிடிக்க ஒரு சின்ன ரன்

எல்லா சாம்பிளையும் ஒரே நாள்ல ஓட்டி கிட்ட வீணாக்காதீங்க. ட்ரீட்மென்ட் இல்லாத சாம்பிள் ஒண்ணு, பாசிட்டிவ் கண்ட்ரோல் ஒண்ணு எடுத்து அப்படியே, 5 மடங்கு, 25 மடங்கு, 125 மடங்குன்னு டைல்யூட் பண்ணி ஓட்டுங்க. ஐஎல்-8 நிறைய விடுற லைன்ல டைல்யூட் பண்ணாத சாம்பிள் மேல் ஸ்டாண்டர்ட (கிட்ல வர்ற, அளவு தெரிஞ்ச சாம்பிள்ல அதிகமானது) தாண்டிடும், அதே மீடியத்துல ஐஎல்-10 கண்ணுக்கே தெரியாது. ரெண்டுக்கும் ஒரே டைல்யூஷன் வைக்க முடியாது.

இந்த ரன்ல இன்னொண்ணும் பாத்துக்கலாம். 25 மடங்குல வந்த நம்பர 25ஆலயும் 125 மடங்குல வந்தத 125ஆலயும் பெருக்குனா கிட்டத்தட்ட ஒரே விடை வரணும். வரலைன்னா மீடியத்துல ஏதோ ஆன்டிபாடிய தடுக்குது. ஸ்டாண்டர்டையும் கிட்ல வர்ற பஃபர்ல கரைக்காம நீங்க செல்லுக்கு ஊத்துன அதே மீடியத்துல கரைச்சு ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்க.

டிஜிஎஃப்-பீட்டாவுக்கு மட்டும் தனி வேலை இருக்கு. செல் அத பூட்டி வச்ச வடிவத்துல விடும், பூட்டுன நிலையில பெரும்பாலான கிட் பிடிக்காது. 100 மைக்ரோலிட்டர் சாம்பிளுக்கு 20 மைக்ரோலிட்டர் 1 நார்மல் எச்சிஎல், 10 நிமிஷம், அப்புறம் 20 மைக்ரோலிட்டர் 1.2 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைட் ஹெபிஸ் கலவை போட்டு நடுநிலைக்கு கொண்டுவரணும், உங்க கிட் பேப்பர்ல அளவு வேறயா இருந்தா அதயே வைங்க. 100 இப்போ 140 ஆயிடுச்சு, அந்த 1.4ஐ கணக்குல பெருக்க மறக்கறவங்க நிறைய. ஆசிட் போடாம ஒரு பங்கையும் ஓட்டுனா ஏற்கனவே திறந்திருக்கறது எவ்ளோன்னு தெரியும். கிட் ஸ்டாண்டர்டுக்கு ஆசிட் போடக்கூடாது, அது திறந்த நிலையிலதான் வருது.

10. எலைசா நாள்

சாண்ட்விச் எலைசாவோட ஸ்டெப் கிட் பேப்பர்ல இருக்கு, நான் அத திருப்பி எழுதல. எங்க சறுக்குறாங்கன்னு மட்டும் சொல்றேன்.

பிப்பெட் பண்ற நேரம். முதல் வெல்லுக்கும் கடைசி வெல்லுக்கும் நடுவுல 15 நிமிஷம் ஆச்சுன்னா முதல் வெல்லுல சாம்பிள் கூடுதல் நேரம் இருந்திருக்கும். எல்லா சாம்பிளையும் ஸ்டாண்டர்டையும் முதல்ல ஆன்டிபாடி கோட் பண்ணாத வேற 96 வெல் பிளேட்ல அதே வரிசைல ரெடியா வச்சுக்கிட்டு, மல்டிசானல்ல ஒரே மூச்சுல மாத்துங்க, ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுடும்.

கழுவறது. ஒவ்வொரு தடவையும் வெல் நிறைய வாஷ் பஃபர் ஊத்தி, கவுத்து, பேப்பர் டவல்ல நல்லா தட்டுங்க. பேக்ரவுண்ட் அதிகம்னு வர்ற பத்து பேர்ல பெரும்பாலானவங்களுக்கு நான் இத மட்டும் மாத்தச் சொல்லுவேன், சரியாயிடும். அதே நேரம் வெல் காஞ்சு போகவும் விடக்கூடாது.

சோடியம் அசைட் போட்ட எந்த பஃபரும் பக்கத்துல வரக்கூடாது, கலர் வரவைக்கற எச்ஆர்பி என்சைம கொன்னுடும், பிளேட் முழுக்க வெள்ளையா இருக்கும், ஏன்னு தெரியாம முழிப்பீங்க.

எல்லா சாம்பிளும் ரெண்டு வெல். ஒரே குரூப்ப பிளேட்டோட ஓரத்துல அடுக்காதீங்க, ஓர வெல் சீக்கிரம் சூடாகும், நீராவி போகும், கண்ட்ரோல் எல்லாம் நடுவுல, மருந்து எல்லாம் ஓரத்துலன்னா அந்த வித்தியாசம் மருந்தோடதா ஓரத்தோடதான்னு சொல்ல முடியாது.

ஸ்டாப் சொல்யூஷன் போட்டதும் 450ல படிங்க, 540 இல்ல 570ல படிச்சதையும் கழிங்க, அது பிளாஸ்டிக்ல இருக்கற கீறல், கறைய எடுத்துரும். அரை மணி நேரத்துக்குள்ள படிச்சுடணும்.

11. கணக்கு

ஸ்டாண்டர்ட் கர்வுக்கு நேர்கோடு போடாதீங்க, எலைசா கர்வ் எஸ் மாதிரி வளையும், நாலு அளவுரு லாஜிஸ்டிக் ஃபிட் போடுங்க. மேல் ஸ்டாண்டர்ட தாண்டுன சாம்பிளுக்கு சாஃப்ட்வேர் ஏதோ நம்பர் குடுக்கும், அத எடுக்காம டைல்யூட் பண்ணி திரும்ப ஓட்டுங்க. கீழ் ஸ்டாண்டர்டுக்கும் கீழ வந்தா அளக்க முடியலைன்னு எழுதுங்க, பூஜ்யம்னு எழுதாதீங்க, ரெண்டும் ஒண்ணு இல்ல.

ஒரு உதாரணம். பிளேட்ல மில்லிலிட்டருக்கு 420 பிகோகிராம்னு வந்துச்சு, 20 மடங்கு டைல்யூஷன், அப்போ 8400. வெல்லுல 1.5 மில்லி, அப்போ மொத்தம் 12,600 பிகோகிராம், அதாவது 12.6 நானோகிராம். எண்ணுனப்போ 6 லட்சம் செல். பத்து லட்சம் செல்லுக்கு 24 மணி நேரத்துல 21 நானோகிராம்.

இப்போ பக்கத்து வெல்லுல பிராஃப் தடுப்பான் வெமுராஃபெனிப் போட்டு மொத்தம் 6.3 நானோகிராம் வந்துச்சுன்னு வைங்க. மருந்து ஐஎல்-8 பாதியாக்கிடுச்சுன்னு உடனே எழுதத் தோணும். செல்ல எண்ணுனா 3 லட்சம், பத்து லட்சத்துக்கு அதே 21. மாறுனது செல் எண்ணிக்கை மட்டும்தான். பிராஃப் மியூட்டேஷன் லைன்ல இந்த மருந்து உண்மையாவே ஐஎல்-8 குறைக்கும், ஆனா உங்க பிளேட்ல அது நடந்துச்சான்னு எண்ணாம சொல்ல முடியாது.

கடைசி எண்ணிக்கைய மட்டும் வச்சு வகுக்கறதுலயும் ஒரு குறை இருக்கு. 24 மணி நேரமும் 6 லட்சம் இருக்கல, 4 லட்சத்துல ஆரம்பிச்சு 6க்கு வந்துருக்கு. ரெண்டு குரூப் வேற வேற வேகத்துல வளர்றதா இருந்தா ஆரம்பம், முடிவு ரெண்டோட சராசரிய எடுங்க, 5வது ஸ்டெப்ல கூடுதலா ஒரு வெல் போடச் சொன்னது இதுக்குத்தான்.

ஒரே நாள் போட்ட மூணு வெல் மூணு பரிசோதனை ஆகாது. வேற வேற நாள், வேற வேற பாசேஜ், மூணு தடவை முழுசா திரும்பப் பண்ணாதான் n = 3ன்னு எழுதலாம்.

12. நம்பர் நிக்குதான்னு சோதிக்கறது

முதல்ல ஸ்பைக் ரிக்கவரி. உங்க சாம்பிள்ல தெரிஞ்ச அளவு ஸ்டாண்டர்ட சேத்து ஓட்டுங்க, சேத்ததுல 80ல இருந்து 120 சதவீதத்துக்குள்ள திரும்பக் கிடைச்சா மீடியம் தொந்தரவு பண்ணலைன்னு அர்த்தம். 40 சதவீதம்தான் வந்துச்சுன்னா 9வது ஸ்டெப்புக்கு திரும்பிப் போங்க.

அடுத்து, செல் செஞ்சு வெளிய அனுப்புறதுதானா. ப்ரெஃபெல்டின் ஏ போட்டா வழக்கமான சுரப்புப் பாதை அடைபடும், நாலு ஆறு மணி நேர கலெக்‌ஷன்ல ஐஎல்-8 வெளிய கொஞ்சமாத்தான் வரணும், உள்ள சேரணும். அப்பவும் மீடியத்துல குறையாம இருந்தா செல் கசியுது, இல்ல ஏற்கனவே மீடியத்துல இருந்துருக்கு. இத அதிக நேரம் வைக்காதீங்க, செல் செத்துரும். எம்ஐஎஃப், ஐஎல்-1 பீட்டாவுக்கு இந்த டெஸ்ட் செல்லாது, அது ரெண்டும் அந்தப் பாதைல போறதில்ல.

ஆர்என்ஏ கியூபிசிஆர் கூடவே பண்றது நல்லது, ஆனா ரெண்டும் ஒண்ணா ஏறணும்னு எதிர்பாக்காதீங்க. ஐஎல்-8 ஆர்என்ஏ சீக்கிரம் சிதையற வகை, சிக்னல் வந்தா அந்த சிதைவே நின்னு அளவு ஏறும், ஆர்என்ஏ உச்சம் ரெண்டு மணி நேரத்துல வந்து இறங்கியிருக்கும்போது புரோட்டீன் மீடியத்துல சேந்துகிட்டே இருக்கும். ஒரே நேரத்துல ரெண்டையும் எடுத்துட்டு ஒத்துவரலைன்னு பயந்தவங்க உண்டு.

வெளிய வந்த ஐஎல்-8 வேலை செய்யுதான்னு பாக்கணும்னா, ட்ரான்ஸ்வெல்ல (நடுவுல ஓட்டை உள்ள சவ்வு வச்ச ரெண்டு அறை) கலெக்ட் பண்ண மீடியத்த கீழ அறைல வச்சு, மேல நியூட்ரோஃபில் (வெள்ளை ரத்த செல்) போட்டு கீழ நகருதான்னு பாருங்க. ஐஎல்-8ஐ மடக்கற ஆன்டிபாடி போட்டா நகர்றது குறையணும், அதே வகை கண்ட்ரோல் ஆன்டிபாடி போட்டா குறையக்கூடாது. முழுசா நிக்கலைன்னா ஆச்சரியப்பட வேண்டாம், சிஎக்ஸ்சிஎல்1ம் அதே சிஎக்ஸ்சிஆர்2 ரிசெப்டர்லதான் போய் உக்காருது.

13. அடிக்கடி வர்ற ரிசல்ட், எங்க தேடணும்

செல் இல்லாத வெல்லுலயும் நம்பர் வருது: மீடியத்துல சீரம் மிச்சம், இல்ல பிஎஸ்ஏல கோளாறு. கழுவுன தடவைய கூட்டுங்க, புது பிஎஸ்ஏ லாட் மாத்திப் பாருங்க.

போன மாசம் வந்ததவிட எல்லா சாம்பிள்லயும் ரெண்டு மடங்கு ஐஎல்-8: கிட்ட சந்தேகப்படறதுக்கு முன்னாடி மைக்கோபிளாஸ்மா டெஸ்ட் திரும்பப் பண்ணுங்க. அதுல ஒண்ணும் இல்லைன்னா பாசேஜ் நம்பரப் பாருங்க, பழைய பாசேஜ்ல செல்லோட குணம் நகந்திருக்கும், ஃப்ரீசர்ல இருந்து முன்னாடி வயல் ஒண்ண எடுங்க.

பாசிட்டிவ் கண்ட்ரோல் ஏறவே இல்ல: டிஎன்எஃப் எத்தன தடவை உருக்கி உறைய வச்சதுன்னு பாருங்க. அது நல்லா இருந்தா உங்க லைன் ஏற்கனவே என்எஃப்-கப்பா-பி முழுசா ஓடிக்கிட்டு இருக்கற லைனா இருக்கலாம், மேல ஏற இடம் இல்ல. மெலனோமால இது அபூர்வம் இல்ல, அடிப்படை அளவே அதிகமா இருந்தா இதுதான் காரணமான்னு யோசிங்க.

ரெண்டு வெல்லுக்கு நடுவுல 15 சதவீதத்துக்கு மேல வித்தியாசம்: பிப்பெட், இல்ல கழுவறது. சராசரி எடுத்து மூடி மறைக்காம அந்த சாம்பிள இன்னொரு அலிக்வாட் உருக்கி திரும்ப ஓட்டுங்க, அதுக்குத்தான் பிரிச்சு வச்சிருக்கோம்.

ஐஎல்-6 ஒரு நோயாளி கல்ச்சர்ல மட்டும் வானத்துக்கு போகுது: அந்த ஃப்ளாஸ்க்க மைக்ராஸ்கோப்ல வச்சு நீளமா, கதிர் மாதிரி, ஒரே திசைல படுத்திருக்கற செல் இருக்கான்னு பாருங்க. இருந்தா சாக்ஸ்10 ஸ்டெயினுக்கு ஒரு கவர்ஸ்லிப் இன்னைக்கே போட்டுடுங்க.